கிளினிக் கொப்பியும் பூனாகலை பஸ்ஸும்

இன்றைக்குப் பூனாகலை பஸ் வளைவில் திரும்பியபோது, மருந்து எழுதித் தரும் என் மனநல கிளினிக் கொப்பி மடியிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தவர் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையிலேயே இருக்கும் செல்வி அக்கா.

ஞாயிறு தங்கச்சியைப் பெண் பார்க்க வருகிறார்கள். விஷயம் லயத்தில் பரவினால் சம்பந்தம் கலைந்துவிடும்.

அக்கா அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"யூடியூப்ல சமைக்கிற பொண்ணு, மனசு சரியில்லாம மாத்திரை போடுறேன்னு சொன்னுச்சே, அந்த வருத்தமா?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்டுக்காரரும் மாசக்கணக்கா யாரோடயும் பேசுறதில்ல. செய்வினைன்னு நூல் கட்டிப் பார்த்தோம். கிளினிக்குக்கு எந்தக் கிழமை போவணும்?"

பஸ் முழுக்கக் கேட்கும் குரல்.

"செவ்வாய்" என்றேன்.

பின் சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்: "வெள்ளனவே போய் நம்பர் எடுக்கணுமா, புள்ள?"

ஞாயிறு என்ன ஆகுமோ தெரியாது. அந்தப் பெண்ணின் வீடியோவுக்குக் கமெண்ட் போடக் கூச்சப்படுகிறவர்கள் பஸ்ஸில் வாய்விட்டே போடுகிறார்கள். இதை வாசிக்கும் நீங்கள் எங்கே போடுவீர்கள்?