சுவிஸைச் சுற்றிப் போன பாதை

சத்தியபாமாவுக்கு வரைபடங்கள் என்றால் உயிர். கிளென் வேவர்லியில் வீடு வாங்கிய புதிதில், கார் ஓட்டப் பழகுவதற்கு முன்பே மெல்பேர்ன் தெருப் புத்தகத்தைப் பாதி மனப்பாடம் செய்துவிட்டாள். அதனால் 1976இல் ஐரோப்பாவை ரயிலில் சுற்றிப் பார்ப்பதென்று முடிவானபோது, பாதை போடும் வேலையைக் கணவன் சிறிதரன் அவளிடமே விட்டுவிட்டான். அவன் கேட்டது ஒன்றுதான்: பனி மூடிய மலைகளைப் பார்க்க வேண்டும்.

இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள். மெல்பேர்னில் அவன் பொறியியலாளன். அவள் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. செப்டெம்பரில் ரோமில் இறங்குவது, லண்டனிலிருந்து விமானம் ஏறித் திரும்புவது, நடுவில் முழுக்க ரயில். ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கக்கூடிய ஒரு ரயில் பாஸ் இருந்தது. அது கையில் இருந்தால் நாட்டுக்கு நாடு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்து, பென்சிலால் கோடு போட்டாள். ரோம், புளோரன்ஸ், மிலான். மிலானைத் தொட்டதும் கோடு கிழக்கே திரும்பியது. வெரோனா, இன்ஸ்புரூக், மியூனிக். பிறகு மேற்கே நீண்டு பாரிஸ்.

"இது ஏன் இப்பிடி வளையுது?" என்று கேட்டான் சிறிதரன். "மிலானில இருந்து நேரே மேல போனா சுவிஸ். மலை அங்கதானே?"

"ஆஸ்திரியாவிலயும் மலை இருக்கு."

மறுநாள் அந்தக் கோட்டை அழித்துவிட்டு, டூரின் வழியாகப் பாரிசுக்கு ஒன்று போட்டாள். அதுவும் சுவிஸைத் தொடாமல் ஓரமாகவே போனது. பாஸ் விற்ற பெண்ணிடம் கேட்டுப் பார்த்தான். சுவிஸைப் பார்ப்பதற்காகவே பலர் இந்தப் பாஸை வாங்குகிறார்கள் என்று அவள் சொன்னாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, அங்கே எந்நேரமும் மழை என்றாள் பாமா. இன்னொரு நாள், அங்கே நாலு பாஷை பேசுவார்கள், நமக்குக் குழம்பும் என்றாள். அவள் பயப்படுகிறாளா, பிடிவாதம் பிடிக்கிறாளா என்று சிறிதரனுக்குப் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே படத்தை மடித்து வைத்தாள்.

"ஐரோப்பா வேண்டாம். சிட்னிக்குப் போட்டு வருவம்."

சிறிதரன் குசினிக்குள் போய்க் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "உமக்கு என்ன நடந்தது எண்டு சொல்லும். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "கிரிஜா அங்கதான் இருக்கிறாள்."

கிரிஜா அவளுடைய தங்கை. இவர்கள் கல்யாணத்துக்கு முன்பே தாதி வேலை படிக்க லண்டனுக்குப் போனவள்.

"லண்டனில எல்லோ இருக்கிறா?"

"இல்லை. சுவிஸில, லோசானில. ஒரு சுவிஸ்காரரைக் கட்டினவள். கொழும்பில சித்திதான் சொன்னவா. போன் நம்பரும் தந்தவா."

"உங்களுக்குள்ள என்ன சண்டை?"

"சண்டை எண்டா நல்லது. சமாதானம் ஆகலாம்." கத்தியைக் கீழே வைத்தாள். "ஒரு சண்டையும் இல்லை. கடிதம் குறைஞ்சுது, பிறகு நிண்டிட்டுது. ஆர் முதல்ல நிப்பாட்டினது எண்டுகூடத் தெரியாது. எட்டு வருஷம். இப்ப வாசலில போய் நிண்டு என்னெண்டு சொல்லுறது? மலை பாக்க வந்தனாங்கள், வழியில நீ இருந்தனீ எண்டோ?"

அவளைச் சமாதானப்படுத்துவதா, திட்டுவதா என்றே சிறிதரனுக்குத் தெரியவில்லை. கடைசியில் பயணத்தைக் கைவிடாமல், மிலான் வரைக்கும் மட்டும் பாதையை முடிவுசெய்தார்கள். அதற்குப் பிறகு என்ன என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

மிலான் நிலையத்தில் இறங்கியபோது முடிவெடுக்காமல் தீராது என்றாகிவிட்டது. ஒலிபெருக்கியில் வந்த இத்தாலிய மொழியில் ஊர்ப் பெயர்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தன. அவள் முதலில் போட்ட கோட்டின்படி போக வெரோனா ரயில் ஒரு பக்கம், லோசான் ரயில் இன்னொரு பக்கம். பாமா பெட்டிமேல் உட்கார்ந்தாள், எழுந்தாள், திரும்ப உட்கார்ந்தாள். பிறகு போய், சித்தி தந்த நம்பருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

ஓர் ஆண்குரல் பிரெஞ்சில் பேசியது. ஆங்கிலம் அவருக்கு எட்டவில்லை. "கிரிஜா, கிரிஜா" என்றாள். "மிலானோ, ட்ரெயின், லோசான்" என்றாள். அவர் ஆமாம் என்பதுபோல "வீ, வீ" என்றார், நீளமாக ஏதோ சொன்னார், வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றான் சிறிதரன்.

"வரச் சொல்லுறாரோ வேண்டாம் எண்டுறாரோ தெரியேல்ல. ஏறுவம்."

லோசானில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் சாம்பல்நிறக் கோட் போட்ட ஒருத்தி இறங்குகிறவர்களையெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாமா கிட்டப் போனதும் அவள் ஒரு அடி பின்வாங்கினாள். வாய் திறந்தபடி நின்றது.

"நான்தான்" என்றாள் பாமா.

"அக்கா..." கிரிஜாவுக்குத் தமிழ் உடனே வரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, பிறகு சொன்னாள்: "மிலானில இருந்து ஒரு பொம்பிளை வாறா எண்டு மட்டும்தான் இவர் சொன்னவர். ஆஸ்பத்திரியில என்னோட வேலை செய்யிற இத்தாலிக்காரியின்ர ஆக்கள் ஆரும் எண்டு நினைச்சு வந்தனான். நீங்களா? ஏன் சொல்லாம வந்தனீங்கள்?"

"சொன்னனான். அவருக்குத்தான் விளங்கேல்ல."

கிரிஜா சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாற, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சிறிதரன் இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கிவைத்திருந்தான். கீழே வைக்கலாமா என்று யோசித்து, வைக்காமலே நின்றான்.

மியூனிக் கைவிடப்பட்டது. நாலு நாள் கிரிஜா வீட்டில் தங்கினார்கள். ஏரிக்கு அப்பால் மலை இருக்கும் இடத்தைக் கிரிஜாவின் கணவர் தினமும் விரலால் காட்டினார். முகில் விலகவே இல்லை. அக்காவும் தங்கையும் குசினியைவிட்டு வெளியே வந்ததே குறைவு.

பாரிஸ் ரயில் புறப்பட்ட பிறகு சிறிதரன் கேட்டான்: "ஆர் எழுதாம விட்டதாம்?"

பாமா அவனைத் திகைத்துப் பார்த்தாள். "அதைக் கேக்க மறந்துபோனன்" என்றாள்.

எப்படி மறந்தாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்பதற்குள் அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.