சிவப்பாகத் தெரிந்த நைஜீரியா

நைஜீரியாவில் படிப்பிக்க ஆசிரியர்கள் தேவை என்று பேப்பரில் கண்ட அன்றே விண்ணப்பித்துவிட்டேன். எழுபதுகளின் கடைசி. எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் அங்கே போய்க்கொண்டிருந்த காலம். பெண்கள் போனால் புருஷனோடு போவார்கள். நான் கோப்பாயில் புவியியல் படிப்பித்த, கலியாணமாகாத பெண்.

"குமர்ப்பிள்ளை தனிய ஆபிரிக்காவுக்கோ? உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. பிறகு மூன்று நாள் என்னுடன் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் போகட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. பிடிவாதத்தில் நான் அவருடைய மகள்தானே!

பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு சஞ்சிகையை இரவல் வாங்கி வைத்திருந்தேன். விண்வெளியிலிருந்து எடுத்த நைஜீரியாவின் படம் அதில் இருந்தது. நைஜர் ஆறு கடலில் விழுமுன் எத்தனையோ கிளைகளாகப் பிரியும் இடம். முழுக்கச் சிவப்பு. சிவப்பென்றால் வேறென்ன? எங்கள் தோட்டத்துச் செம்மண்தான். "கோப்பாய் மண் மாதிரி, பிள்ளையள். வெங்காயம் நட்டால் விளையும்" என்று வகுப்பிலும் அடித்துச் சொன்னேன்.

கொழும்பில் நேர்முகப் பரீட்சை. நைஜீரிய அதிகாரி அதே போன்றதொரு படத்தை நீட்டினார். எனக்கு வாயெல்லாம் பல். செம்மண் கதையைச் சொல்லி முடித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அது மண் இல்லை, காடு. இந்தக் கமராவில் பச்சை இலைகள் சிவப்பாக விழும்" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழும்பி ஓடியிருப்பேன். ஆனால் அம்மாவிடம் தோற்றுப்போய்த் திரும்புவதா? படத்தை இன்னொருமுறை கேட்டு வாங்கினேன். கடலோரக் காடென்றால் கண்டல், உவர்ச்சேற்றில் வேர்விடும் மரங்கள். கண்டல் என்றால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறுகிறது, எங்கள் அரியாலைக் கரை போல. நல்ல தண்ணீருக்குச் சனம் படாத பாடு படும். இந்த ஆற்று வாய்களுக்குத்தான் அடிமைக் கப்பல்கள் வந்திருக்கும். மூச்சு விடாமல் சொன்னேன்.

"எங்கள் ஊரிலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோனார்கள்" என்றார் அவர், மெதுவாக.

திங்கட்கிழமை வகுப்பில் முதல் வேலையாக என் பிழையைத் திருத்தினேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ரீச்சர் எட்டிப் பார்த்தார்.

நியமனக் கடிதம் வந்த அன்று பின்னேரம், அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சஞ்சிகையை என் முன்னால் விரித்தார்.

"உதிலை நீ எவடத்திலை இருப்பாய்? காட்டு."

படத்துக்கு மேலே விரலை நீட்டிய நான், எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

"தெரியேல்லை அம்மா. போய்ப் பாத்திட்டு எழுதுறன்."

"ஓம், எழுது. எழுதாமல் விட்டிடாதை" என்ற அம்மா சஞ்சிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.