தையல் மெஷின் மேல் ஏறிய ஆம்ப்ளிஃபயர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், என் தையல் மெஷினின் தலை தனியாகக் கழன்று பாயில் கிடக்கிறது. அதன் இரும்புக் கால்களின் மேல் என் வீட்டுக்காரரின் ஆம்ப்ளிஃபயர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கே மூன்று ரவிக்கை தைத்துக் கொடுத்தாக வேண்டும். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

“யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?” என்றேன். மனிதர் திரும்பக்கூட இல்லை. குனிந்து ஸ்பீக்கர் வயரைச் செருகிக்கொண்டிருந்தார்.

அரியலூர் பக்கம் ரோட்டை ஒட்டிய வீடு எங்களுடையது. பொழுது விடிந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகள்தான். ஒவ்வொன்று போகும்போதும் அடுப்படியில் தட்டு டம்ளரெல்லாம் கடகடவென்று ஆடும். அவருக்கு வேலையும் கல் குவாரியில், பாறையில் துளை போடும் மெஷினைப் பிடிப்பது. வீட்டுக்கு வந்தால் பாட்டு. வேறு கெட்ட பழக்கம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். திடீரென்று ஒருநாள், “பாட்டுல சலங்கையே கேக்க மாட்டேங்குது” என்று ஆரம்பித்தார். லாரி போகிற அதிர்வு தரை வழியாக ஏறி ஆம்ப்ளிஃபயரைக் கெடுக்கிறதாம். நல்ல ஸ்டாண்டில் வைத்தால் சத்தமே வேறு மாதிரி இருக்கும் என்று போனில் ஏதோ வீடியோவில் எவனோ பேசியிருக்கிறான். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் அந்த ஸ்டாண்டாலேயே சாத்துவேன்.

முதலில் கடப்பாக் கல் வந்தது. அப்புறம் உடையார்பாளையத்தில் சொல்லிச் செய்த முந்திரி மர மேசை. அதற்கப்புறம் திருமானூரிலிருந்து மூட்டையில் ஆற்று மணல். ஒரு மரத்தட்டில் மணலைக் கொட்டி அதன்மேல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வைத்தார். தெருப் பூனை வந்து அதில் தன் காரியத்தை முடித்துவிட்டுப் போனது. அள்ளிப் போட்டது யார்? நான்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாளைக்கு, “இப்பத்தான் பாட்டு பாட்டா இருக்கு” என்பார். மூன்றாம் நாள் முகம் தொங்கிவிடும். எனக்கோ கல்லிலும் மரத்திலும் மணலிலும் பாட்டு ஒரே மாதிரிதான் கேட்டது. பாலிடெக்னிக் படிக்கிற மகள்கூடச் சொன்னாள்: “ரெக்கார்டு பிளேயர்னாலும் முள்ளு ஆடும்னு சொல்லலாம். இதுல ஆடுறதுக்கு என்னம்மா இருக்கு? எங்க வச்சாலும் ஒண்ணுதான்.”

உண்மையில் என் ஆத்திரம் ஸ்டாண்டு மேல் இல்லை. அந்த மனிதர் இரண்டு வருடமாக என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. காப்பி வேண்டுமா என்றால் பதில் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னதற்கு, சுவரைப் பார்த்தபடி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். தொண்டை கிழியக் கத்தினால்தான், “என்ன புள்ள?” என்று ஒரு வார்த்தை வரும். ஒரு பாட்டில் சலங்கை கேட்கவில்லை என்று ஊர் ஊராக அலைகிறவருக்குக் கட்டினவள் பேச்சு இவ்வளவு இளக்காரமா? வேப்பந்தட்டையில் என் அண்ணன் வீடு இருக்கிறது. மெஷினில் கை வைத்த அன்று பையில் துணியை அடைத்து வாசலில் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே நின்று கத்தினேன்: “திரும்பி உக்காருங்க. நான் பெட்டிய மாத்தி மாத்தி வக்கிறேன். ஸ்டாண்டா தரையான்னு சொல்லிட்டீங்கன்னா மெஷின் ஒங்களுக்கு. இல்லன்னா சாயந்திர பஸ்ஸுல நான் போயிட்டே இருப்பேன்!”

சரியென்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முதலில் இரும்புக் கால் மேல் வைத்துப் போட்டேன். “ஸ்டாண்டு” என்றார். நிறுத்தினேன், தரைக்கு இறக்கிப் போட்டேன். “இதுவும் ஸ்டாண்டுதான். என்னய ஏமாத்தப் பாக்குறியா?” என்றார். மூன்றாவது தடவை தரையிலேயே விட்டுவிட்டேன். சலங்கை ஜல்ஜல்லென்று வீடு முழுக்க அடித்தது. “இது தரை. பாத்தியா, சலங்கையே இல்ல” என்றார்.

எனக்குச் சிரிப்பாக வந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, “ரெண்டு தடவையும் தரையிலதான் இருந்துச்சு. தோத்துட்டீங்க, எந்திரிங்க” என்றேன். அவர் அசையவில்லை. “என்னங்க.” அப்போதும் இல்லை. திமிர் என்றுதான் நினைத்தேன். “போறேன் நான். இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்.” மூன்றடி தூரம்தான் இருக்கும். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அடுத்த பாட்டு வரும் என்று சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் போனேன். தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். “என்ன, மாத்திட்டியா?”

“எத்தன நாளா இப்புடி?” என்று கேட்டேன். என் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்தார். இத்தனை நாளும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் எங்கே கவனித்தேன்?

“குவாரில தெரிஞ்சா வேலைக்கு வேணாம்னுடுவாங்க” என்றார். அப்புறம், “ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறா இருக்கும்னு பாத்தேன்” என்றார். வருடக்கணக்காக அந்தச் சத்தத்தில் நிற்க வைத்தவர்கள் காதுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். “நாங்களா பஞ்சு வச்சுக்குவோம்” என்றார். அந்தக் குவாரிக்காரன்கள் நாசமாய்ப் போக. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவருக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

பெரம்பலூரில் டாக்டர் ஒருவர் பார்த்துக் காது மெஷின் வைத்துவிட்டார். மறுநாள் அடுப்படியிலிருந்து, “சாப்புட வாங்க” என்று கூப்பிட்டேன். அவர் முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்திக்கொண்டார்.

“ஏன் புள்ள இப்புடிக் கத்துற? பக்கத்துலதான இருக்கேன்.”

மெதுவாகத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்திருந்தேன். குரலை இறக்கி இன்னொரு தடவை கூப்பிட்டேன். மறுபடியும் காதைப் பொத்தினார். இரண்டு வருடமாக அந்த மனிதரிடம் கத்தியே பேசியிருக்கிறேன், எனக்கு மெதுவாகப் பேசவே வரவில்லை.