இரண்டாவது பொத்தானுக்குக் கீழே

படக்காரர் முப்பது வருஷமாக எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். தாடையைத் தூக்கு, காதைக் காட்டு, நேராகப் பார். சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குக் கீழே மனிதனுக்கு என்ன இருந்தால் அவருக்கென்ன? தொழில் அப்படி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய் நிவாரண அலுவலகம் அந்த வேலையைக் கொடுத்தது. ஆலைகள் மூடிய ஊர்களிலிருந்து பிழைப்பு தேடி வந்த பதினேழு குடும்பங்கள் ஒரு பழைய சரக்குக் கிடங்கில் தங்கியிருந்தன. குடும்பத்துக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். படங்களைப் பார்த்த பிறகுதான் அவர்களை அங்கேயே இருக்கவிட்டு உதவி கொடுப்பதா, காலி செய்யச் சொல்வதா என்று அதிகாரி முடிவு செய்வார்.

ஒரு குடும்பத்தை எடுத்து முடித்தால் அடுத்தது வெளியே வர ஒரு யுகம் ஆனது. தடுப்புத் துணிக்குப் பின்னால் ஒரே குசுகுசுப்பு.

"உள்ளே என்ன, கல்யாண அலங்காரமா நடக்குது?" என்று கத்திக் கத்திப் படக்காரருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கடைசியாக ஒருவர் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் வந்து நின்றார். மேலே கிழிந்த பனியன்.

"ஒரு நிமிஷங்க. என் சட்டை உள்ளே இருக்கு, இதோ வந்துரும்."

"சட்டை என்ன, தானா நடந்து வருமா? வெளிச்சம் போகுதுங்க. அப்படியே நில்லுங்க." எடுத்துவிட்டார்.

படங்களைப் பார்த்த அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். "என்னங்க இது, ஒருத்தரைத் தவிர எல்லாரும் பளிச்சுனு இருக்காங்க? இவங்களுக்கா உதவி? நாளைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்."

படக்காரர் படங்களை வாங்கிக்கொண்டு வந்து வீட்டு மேசையில் பரப்பினார். எங்கே தப்பு செய்தோம் என்று முகம் முகமாகத் தேடினார். எல்லாக் காதுகளும் சரியாகத்தான் தெரிந்தன.

தண்ணீர் கொண்டுவந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பனியன்காரரைத் தவிர எல்லா ஆம்பளைங்களும் ஒரே சட்டையைப் போட்டிருக்காங்க?"

"என்னது?"

"நாலாவது பொத்தானைப் பாருங்க. அது மட்டும் வெள்ளை. இவருக்குத் தொளதொளன்னு இருக்கு, இவருக்கு வயித்துல தெறிக்குது. அத்தனை நேரம் எதிரே நின்னீங்களே, கண்ணை எங்கே வச்சிருந்தீங்க?"

என் சட்டை உள்ளே இருக்கு. அந்தக் குரல் இப்போதுதான் காதில் விழுந்தது. இருந்த ஒரே நல்ல சட்டையைப் பதினாறு பேருக்குக் கழற்றிக் கொடுத்த மனிதருக்கு, தன்னால் ஒரு நிமிஷம் கொடுக்க முடியவில்லை. படக்காரருக்கு அவமானமாக இருந்தது.

மறுநாள் அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார். அதிகாரியின் மேசையில் பதினாறு படங்களையும் வரிசையாக வைத்தார்.

"முகத்தை விடுங்க சார். நாலாவது பொத்தானைப் பாருங்க."

அதிகாரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரோட சட்டை இது?"

படக்காரர் பனியன்காரரின் படத்தை எடுத்துக் கடைசியில் வைத்தார். அதிகாரி பேனாவைத் திறந்து, பதினேழு குடும்பங்களும் தங்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து நேரே கிடங்குக்குப் போய்ப் படக்காரர் நல்ல சேதியைச் சொன்னார். பிறகு பனியன்காரரிடம், "உங்களை இன்னொரு தடவை எடுக்கணும். சட்டையைப் போட்டுட்டு வாங்க" என்றார்.

அவர் தலையைச் சொறிந்தார். "அதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் வேலை கேட்கப் போயிருக்காருங்களே. வர்றதுக்குச் சாயங்காலம் ஆகிடும்."

"ஆகட்டுங்க" என்று சொல்லிவிட்டு, படக்காரர் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு கிடங்கு வாசலில் உட்கார்ந்தார்.