சீர்த்தட்டில் ஒரு கேன்

ஏரல் பக்கத்து வாழை விவசாயி மந்திரமூர்த்திக்கு ஒரே மகள் என்று ரேஷன் கார்டு சொல்கிறது. அது சுத்தப் பொய். தோட்டத்து வேப்பமரத்தடியில், நீல டிரம்முக்குள் அவருக்குக் கோடிக்கணக்கில் பிள்ளைகள் உண்டு. சாணம், கோமியம், பயற்றமாவு, உடன்குடிக் கருப்பட்டி, வரப்பு மண் ஒரு கைப்பிடி, எல்லாம் தண்ணீரில் கரைத்து ஊறவைத்த ஜீவாமிர்தம் என்னும் பயிர் உரம் அது. மண்ணோடு வந்த நுண்ணுயிர்கள் கருப்பட்டியைத் தின்று பெருகும். காலையும் மாலையும் கம்பால் கலக்கிவிட்டு, காற்றோட்டமாக ஈரச் சாக்கைப் போட்டு மூடுவார். வீட்டில் காப்பி கேட்டால், “டிரம்முக்குப் போக மிச்சக் கருப்பட்டி இருந்தா போட்டுத் தாரேன்” என்பாள் மனைவி இசக்கியம்மா.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தால் மனுஷன் வாயை மூட மாட்டார்.

“கோடையில வயல் வெடிச்சுக் கெடக்கும்போது, சில பயலுவ கெட்டியா ஒரு கூட்டைப் போத்திக்கிட்டு உறங்கிருவானுவ. ஆத்துத் தண்ணி வந்ததும் முழிச்சு, பசிக்குன்னு நிப்பானுவ. காத்து இருந்தா ஒரு கூட்டம் வேலை செய்யும். காத்து இல்லன்னா, காத்தே வேண்டாம்னு வாழுத வேற கூட்டம் எந்திரிச்சிரும். அவனுவதான்வே நாத்தம் பிடிச்சவனுவ!”

இதைக் கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் பாயசம் குடிக்கும்போது சொல்வார்.

சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கையில் ஒரு கேன் ஜீவாமிர்தம் கூடவே போகும். மகள் பிரேமலதாவுக்கு முதலில் வந்த வரன், அந்தக் கேனை மோந்து பார்த்ததோடு சரி. பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

இப்போது வண்ணார்பேட்டையில் ஒரு வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை மாரிராஜ் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். பிரேமலதாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. அவன் அம்மா சித்ரலேகாவோ, சோப்பையே கழுவிவிட்டுத்தான் கையில் எடுப்பாள்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் பிரேமலதா அழாத குறையாகக் கேட்டாள். “எப்பா, இந்த ஒரு தடவை மட்டும் கேனைத் தூக்காதிய. இந்த இடமும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது.”

“தூக்க மாட்டேன்ட்டி” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

ஆனால் அன்று சாயங்காலம் சித்ரலேகா போனில் பேசும்போது, மாடியில் பிச்சிச் செடி பூக்கவே மாட்டேன் என்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். மந்திரமூர்த்திக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூக்காத செடியைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகும் வெறுங்கையோடு போவதா? விடிந்ததும் ஒரு கேனை நிரப்பினார். வாசம் வெளியே வந்தால் மகளிடம் மாட்டிக்கொள்வோமே என்று, வாழ்க்கையில் முதல் முறையாக மூடியை இறுக்கித் திருகி, டேப்பும் சுற்றினார். பெரிய சீர்த்தட்டின் நடுவில் அதை வைத்து, சுற்றிலும் வாழைச் சீப்புகளை அடுக்கி, மேலே பட்டுத்துணியைப் போர்த்தினார்.

வேன் வெயிலில் போனது. உள்ளே பிள்ளைகள் தின்று தின்று மூச்சு விட்டன. மூச்சு வெளியே போக வழியில்லை. கேன் மாசமான ஆடு மாதிரி உப்பியது.

வண்ணார்பேட்டை வீட்டில் தாம்பூலம் மாற்றும் நேரம் வந்தது. சித்ரலேகா பட்டுத்துணியை விலக்கினாள். “இது என்ன, பலாப்பழமா?” என்று குனியவும், டமார்! மூடி பறந்தது. பழுப்பு நுரை எழும்பி மின்விசிறியில் பட்டு, ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பந்தி பரிமாறியது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை, சித்ரலேகாவின் பட்டு, தட்டிலிருந்த ஜாங்கிரி, எதுவும் தப்பவில்லை.

“ஒண்ணும் பயப்படாதிய” என்றார் மந்திரமூர்த்தி. “மூச்சு முட்டிட்டு, அதான்.”

இசக்கியம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சித்ரலேகா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “அண்ணாச்சி, கலியாணம் நடக்கணும்னா ஒரு வாக்கு குடுங்க. இந்த வாசலுக்கு நீங்க வரலாம். கேன் வரக்கூடாது.”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மந்திரமூர்த்தி மகளைப் பார்த்தார். சப்பையாகிக் கிடந்த கேனைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதுவரை அப்பாவைக் கடித்துத் தின்கிற கோபத்தில் இருந்த பிரேமலதாவுக்கு, அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

“அவிய வாக்கு குடுத்தாலும் காப்பாத்த மாட்டாவ அத்தை. நேத்து எனக்கே குடுத்தாவ. அப்பா வந்தா கேனும் வரும். வாசல்லயே வாங்கி நான் மூடியைத் தொறந்துக்கிடுதேன். சம்மதம்னா தட்டை மாத்துங்க. இல்லன்னா நாங்க பொறப்படுதோம்.”

சித்ரலேகா பதில் சொல்வதற்குள் மந்திரமூர்த்தி தொண்டையைக் கனைத்தார். “ஏட்டி, பத்தாமப் போயிருமோன்னு வேன்ல இன்னொண்ணு வச்சிருக்கேன். அதுக்கும் டேப்பு சுத்திருக்கு.”

நுரை சொட்டச் சொட்ட முதல் ஆளாக வாசலுக்குப் பாய்ந்தவன் மாரிராஜ்தான். “பையத் திருகணும், அவசரப்படாதிய!” என்று கத்திக்கொண்டே பிரேமலதாவும் ஓடினாள்.

எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள். வேனுக்குப் பின்னால் இரண்டு பேரும் கேனை நடுவில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார்கள். புஸ்ஸென்று காற்று போனது. மாரிராஜ் தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான்.

சித்ரலேகா வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாம்பூலத் தட்டை முந்தானையால் துடைத்து மந்திரமூர்த்தியிடம் நீட்டினாள்.

“பிடிங்க அண்ணாச்சி. எம்புள்ள இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல.”