எதிர்த்துப் பேசப் படித்த நான்கு ஆண்டுகள்

வேலைக்கான நேர்காணல் முடிந்து லிஃப்டிலிருந்து வெளியே வரும்போது, உள்ளே நின்ற முன்பின் தெரியாத நான்கு பேரைப் பார்த்து "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். "எங்க வர்றாராம்?" என்று ஒருவர் கேட்டதும் மற்றவர்கள் சிரித்ததும் முதுகுக்குப் பின்னால் கேட்டன. ஸ்பெயினில் நான் இருந்த ஊரில் லிஃப்டிலிருந்து இறங்குகிறவர் உள்ளே இருப்பவர்களிடம் 'அஸ்தா லுவேகோ' என்று விடைபெற்றுத்தான் இறங்குவார். சொல்லாமல் இறங்குபவனைத்தான் அங்கே விசித்திரமாகப் பார்ப்பார்கள். திரும்பி வந்து மூன்று மாதமாகியும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. மேடவாக்கம் கூட்டுரோட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் அக்கா வீடு. ஒன்றேகால் மணி நேர நடை. பேருந்தில் போனால் அக்காவின் முகத்தைச் சீக்கிரம் பார்க்க வேண்டியிருக்கும்.

அக்கா வீட்டில் இரண்டே அறைகள். நான் படுக்கும் ஹாலில்தான் அக்கா மகள் படிக்கவும் வேண்டும். "சலீமு, மாசக் கடைசிக்குள்ள எதுனா பாத்துக்கப்பா. அம்மாவ இங்க கூட்டியார வேண்டியிருக்கு" என்று அக்கா வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஏசி மெக்கானிக், நல்ல மனிதர். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்த வேலை கிடைத்தால் அஸ்தினாபுரத்தில் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். கிடைக்காவிட்டால் எங்கே போவதென்று யோசித்திருக்கவில்லை. மாசக் கடைசிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். பிறகு துபாயில் கடை உதவியாள், கோலாலம்பூரில் கிடங்கு, எதிலும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. ஸ்பெயினுக்குப் போனது மாணவனாக. அங்கே பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டாருக்கு மொழி சொல்லித் தரும் வகுப்பு உண்டு. பெரிய சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. பகலில் வகுப்பு, சாயங்காலம் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. முதல் நாள் ஆசிரியை உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். மற்ற யாரும் எழவில்லை. "என்ன, கிளம்பிட்டியா?" என்று அவர் சைகையில் கேட்டார். பிலார் என்று பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். ஒரு வருடம் வரைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

முதல் மூன்று வருடமும் எனக்குக் கஷ்டமாக இல்லை. வினைச்சொல் பட்டியலை சிங்க்குக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்துத் தட்டு கழுவிக்கொண்டே மனப்பாடம் செய்வேன். மனப்பாடம்தான் நமக்குத் தெரிந்த வித்தையாயிற்றே. நான்காம் வருடம், உயர்நிலையில்தான் இடித்தது. பேச்சுத் தேர்வில் பிலார் ஒரு கருத்தைச் சொல்வார். நான் அதை மறுத்துப் பத்து நிமிடம் வாதாட வேண்டும். நகரத்துக்குள் கார்களே வரக்கூடாது என்றார் அவர். நீங்கள் சொல்வது சரி என்றேன். கடைகள் எல்லாம் மூடிப்போனாலும் பரவாயில்லையா என்று சீண்டினார். அதுவும் சரி என்றேன். மூன்று நிமிடத்தில் தேர்வு முடிந்துவிட்டது. பிழையே இல்லாமல் பேசித் தோற்றேன்.

"சலீம், நான் வேணும்னே தப்பாப் பேசினேன். உனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

நீங்க டீச்சராச்சே என்பதை அந்த மொழியில் எப்படிச் சொன்னாலும் அவருக்குக் காரணமாகப் படவில்லை. குரோம்பேட்டையில் ஏழாம் வகுப்பில், கரும்பலகைக் கணக்கில் விடை தப்பு என்று சொன்னதற்கு மத்தியானம் முழுக்க வெளியே முட்டி போட்டவன் நான். 'எதிர்த்துப் பேசுறியா?' என்பது எங்கள் பள்ளியில் கேள்வியே இல்லை, தீர்ப்பு. பிலார் ஆறு மாதம் என்னைப் பழக்கினார். முதலில் எதிராளி சொன்னதை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு 'ஆனால்' என்று தொடங்க வேண்டும், மூன்று காரணம் தர வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். பாத்திரங்களிடம் வாதாடிப் பழகினேன். மறு தேர்வில் அவரை மடக்கினேன். எழுந்து வந்து கட்டிக்கொண்டார். அதற்கு மேல் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாதவனுக்கு அந்த நாட்டில் தங்க அனுமதியும் இல்லை. தேறியதால்தான் நான் திரும்பி வர நேர்ந்தது.

அன்றைய நேர்காணலில் மேலாளருக்கு நான் பேசிய ஸ்பானிஷ் பிடித்திருந்தது. எனக்குத் தேநீர்கூட வந்தது. கடைசியாக, சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினார். ஸ்பெயின் வாடிக்கையாளர்களை எத்தனை மணிக்கு அழைப்பது என்று அவரே போட்டது. "அங்க மூணு மணிக்குக் கால் பண்றோம். லஞ்ச் முடிஞ்சு ஃப்ரீயா இருப்பாங்க. ஓகே தானே, சலீம்?"

அவர் கண்ணைப் பார்த்தேன். உங்கள் நோக்கம் புரிகிறது சார், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றேன். ஒன்று, மூன்று மணிக்குத்தான் அவர்கள் சாப்பிடவே உட்காருவார்கள். இரண்டு, சாப்பாட்டு நேரத்தில் அழைக்கும் நிறுவனத்தை மறக்க மாட்டார்கள். மூன்றாவது காரணத்தை நான் சொல்லும்போது மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பக்கத்திலிருந்த ஹெச்ஆர் பெண் மடிக்கணினியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "நல்லாப் பேசுறீங்க. சொல்லி அனுப்புறோம்" என்றார் மேலாளர்.

அந்தப் பெண்தான் லிஃப்ட் வரை வந்தாள். "ஓகே சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா. ஆஃபர் லெட்டர் பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன்" என்றாள். பிறகு லிஃப்ட் திறந்தது.

செம்பாக்கம் ஏரி தாண்டும்போது ஒரு ஷேர் வேன் என்னை ஒட்டி மெதுவாக வந்தது. ஓட்டியது ஏழுமலை. பாலிடெக்னிக்கில் என்னோடு சேர்ந்து, எனக்கு ஒரு மாதம் முன்னால் படிப்பை விட்டவன்.

"இன்னா மச்சான், ஷூவெல்லாம் போட்டுகினு நடந்து போற? ஏறு."

ஏறினேன். நடந்ததைச் சொன்னேன். கியரை மாற்றிக்கொண்டே கேட்டான்.

"நாலு வருசமா இதத்தான் கத்துகினு வந்தியா? உன்கூட ஒரே பேஜாராக்கீது மச்சான். கீழ்க்கட்டளைல எங்கம்மா இத ஃப்ரீயாவே கத்துக் குடுக்கும்."

பின்சீட்டில் ஒரு பெண் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கும்போது கேட்டான். "வேன் ஸ்டேண்டுல சவாரிக்குக் கூவுற ஆளு ஊருக்குப் பூட்டான். மேல ஷெட்டுல படுத்துக்கலாம். காலைல ஆறு மணிக்கு வரியா? இல்ல, அதுக்கும் மூணு காரணம் சொல்லுவியா?"

"வரேன்" என்றேன். அக்கா கேட்டபோது, வேலை கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ரயில் நிலையத்தை ஒட்டி நின்று கூவினேன். சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், வேளச்சேரி. பையோடு ஏறி உட்கார்ந்த ஒரு பெரியவர், "பொழிச்சலூர் போவும் தானே?" என்றார்.

"போகாது பெரியவரே. நீங்க மேற்கால போயி பஸ் ஏறணும்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "நல்ல வேளை, சொன்னே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

வண்டி நிறைந்ததும் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினேன். ஏழுமலை கிளம்பினான். போகும் பத்துப் பேரையும் பார்த்து, நினைக்காமலே 'அஸ்தா லுவேகோ' என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது. அடுத்த வண்டி வந்து நின்றது. மறுபடியும் சேலையூரிலிருந்து தொடங்கினேன்.