ஒரே சோற்றில் இரண்டு குழம்பு

எங்கள் வீட்டுக் கூடத்தைப் பலகை வைத்து இரண்டாகப் பிரிக்கச் சீனத் தச்சர் ஒருவர் அளவெடுக்க வந்தார். அன்று எனக்கும் என் சாச்சா மகளுக்கும் இருந்த கவலை ஒன்றுதான்: நாங்கள் இருவரும் சேர்ந்து படுக்கும் கோரைப்பாய் எந்தப் பக்கம் போகும்? தச்சரிடமே கேட்டோம். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் மலாயும் அவருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே வாடகை வீட்டில், இரண்டு குடும்பமும் இருந்தோம். நான் பிறப்பதற்கு முன்னால் அண்ணனும் தம்பியும் கம்பின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தோளில் சுமந்து துறைமுகத்தில் விற்றவர்கள். பிறகு வாப்பாவுக்குத் துறைமுகத்தின் எதிரே ஒரு கடையும், சாச்சாவுக்குப் பாசார் என்கிற சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையும் அமைந்தன. கப்பலில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நிதானமாக ருசித்துச் சாப்பிட ஏது நேரம்? வேலை வாங்கும் மண்டோர் மறுபடி விசில் ஊதுவதற்குள் இலையில் சோறு விழ வேண்டும், குழம்பு விழ வேண்டும், வயிறு நிறைய வேண்டும். வாப்பாவின் கை அதற்கென்றே படைக்கப்பட்டது போலச் சுழலும். சாச்சாவின் கை அதைவிட வேகம் என்று சாச்சா சொல்வார்.

ஆனால் சண்டை வந்தது குழம்பால். வாப்பா வைக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு கருத்திருக்கும். மிளகும் மல்லியும் மூக்கில் ஏறும். சாச்சாவுடையது தேங்காய்ப்பால் ஊற்றிய, சிவந்த, குழைவான குழம்பு. தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரில், ரயில் நிலையத்தருகே மூன்றாவதாக ஒரு கடை கிடைக்கப் போகிறது என்று சேதி வந்த நாளிலிருந்து, அங்கே யாருடைய குழம்பு போவது என்று பேச்சு ஆரம்பித்தது. பேச்சு வளர்ந்தது, அப்புறம் பேச்சே நின்றது. "காக்கா குழம்பைத் தின்னா பக்கத்துலயே தண்ணிப் பானையையும் வச்சுக்கணும்" என்று சாச்சா சொன்னதாக ஒருவர் வந்து சொன்னார். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். "தம்பி வைக்கிறது பாயாசம், அதுல கறி தவறி விழுந்திருக்கு" என்று வாப்பா சொன்னதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆள் இருந்தது. தடுப்பு வைத்தாலும் போதாது, சாச்சா குடும்பத்தோடு ஈப்போவுக்கே போய்விடப் போகிறார் என்றும் கேள்விப்பட்டோம். அன்று நாங்கள் இருவரும் பாயை விட்டு எழுந்திருக்கவே மறுத்தோம்.

உம்மாவும் சாச்சியும் பேசிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கோபத்தில் வாப்பாவும் சாச்சாவும் அதை மறந்துவிட்டார்கள்.

கொல்லையில் அடுப்புகள் பக்கம் பக்கமாக இருந்தன. விடியுமுன் அண்ணனும் தம்பியும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு குழம்பு வைப்பார்கள். சட்டியை மூடித் துணியால் கட்டிவிட்டு சுபுஹு தொழப் பள்ளிவாசலுக்குப் போவார்கள். வந்ததும் அவரவர் சட்டியை அவரவர் வண்டியில் ஏற்றுவார்கள். சட்டிகள், அண்ணனும் தம்பியும் ஒன்றாக இருந்த காலத்தில் ஜோடியாக வாங்கியவை, துணிதான் அடையாளம். வாப்பாவுக்குப் பச்சை, சாச்சாவுக்கு வெள்ளை.

ஒரு நாள் அவர்கள் பள்ளிவாசலுக்குப் போன கையோடு உம்மாவும் சாச்சியும் துணிகளை அவிழ்த்தார்கள். ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டு, பச்சையைச் சாச்சாவின் சட்டிக்கும் வெள்ளையை வாப்பாவின் சட்டிக்கும் மாற்றிக் கட்டினார்கள். முடிச்சில் விரல் வைத்து அழுத்திக்கொள்வது எங்கள் வேலை. "சிரிச்சீங்கன்னா அடி விழும்" என்றாள் சாச்சி. சொல்லிவிட்டு அவளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் என் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லி உம்மா என்னை வாப்பாவோடு கடைக்கு அனுப்பினாள். வண்டியில் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க வெற்றிலைக் கடைகளை எண்ணிக்கொண்டே போனேன்.

கடையில் வாப்பா முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். ஆவி எழுந்து முகத்தில் பட்டது. கரண்டியை விட்டு அடி வரை ஒரு தரம் கிளறினார். பிறகு பிஸ்மில்லா சொல்லி முதல் இலைக்கு ஊற்றத் தொடங்கினார். அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்து எனக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்திலேயே பெரிய சமையல்காரரை நாங்கள் ஏமாற்றிவிட்டோம்.

தினமும் வரும் கப்பல்துறை ஆள் ஒருவர் இரண்டு வாய் தின்றுவிட்டு நிமிர்ந்தார். "பாய், இன்னைக்குக் குழம்பு வேற மாதிரி இருக்கு லா."

"பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. இன்னொரு கரண்டி ஊத்துங்க."

வாப்பா ஊற்றினார். "எங்க வீட்டுக் குழம்புதான்" என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உம்மா சஹனை எடுத்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டைச் சண்டைக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. சோற்றைக் கொட்டி, காலையில் எடுத்து வைத்த இரண்டு குழம்பையும் மேலே ஊற்றி, நடுக்கூடத்தில் வைத்தாள். வேறு சாப்பாடு இல்லை. அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டு தின்றார்கள்.

"இன்னைக்கு ரெண்டு பேரும் குழம்பை மாத்தித்தான் வித்திருக்கீங்க" என்றாள் உம்மா. "யாராவது பாதியில எழுந்து போனாங்களா?"

வாப்பாவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. சாச்சா கண்ணை அகல விரித்து, "அப்படியா மைனி?" என்றார். கதவுக்குப் பின்னால் சாச்சியின் வளையல் சத்தம் கேட்டது. முதலில் சிரித்தது சாச்சாதான். வாப்பா தட்டிடம் சொல்வது போல, "ரெண்டும் சேர்ந்தா நல்லாத்தான் இருக்கு, தம்பி" என்றார்.

பிறைக் கடை திறந்தபோது இரண்டு சட்டியும் போயின. ஃபெர்ரியை விட்டு இறங்கி ரயிலுக்கு ஓடுகிறவர்களிடம் எந்தக் குழம்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இரண்டையும் ஊற்றிக் கொடுத்தார்கள். ருசி பார்த்தவர்கள் பினாங்குத் தீவுக்கு வந்து அதையே கேட்டார்கள். பிறகு நிபோங் திபாலிலும் கடை வந்தது. தச்சர் கொண்டுவந்த பலகைகள் பிறையில் பெஞ்சுகளாயின. பாய் இருந்த இடத்திலேயே இருந்தது.

உம்மாவின் தந்திரம் பலித்த கதையாகவே இதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி எனக்கென்று ஓர் அடுப்பு வந்த பிறகுதான் சந்தேகம் தட்டியது. தெருமுனையில் வரும்போதே எந்த வீட்டில் சோம்பு கூடிவிட்டது என்று சொல்கிற மூக்கு வாப்பாவுக்கு. சாச்சாவுக்கு நிறத்தைப் பார்த்தாலே போதும். ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்கு ஆளனுப்பிச் சட்டியை மாற்றி எடுத்துவர எவ்வளவு நேரம் ஆகும்? இருவருமே அனுப்பவில்லை. பகல் முழுக்க மற்றவரின் குழம்பைத் தன்னுடையது போல ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

உம்மாவிடம் போய், "அவங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே உம்மா?" என்று கேட்டேன்.

உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "தெரியும்னுதானே மாத்திக் கட்டுனோம்" என்றாள்.